ஆயாமார் வகுப்பில் மன்னிப்புக் கதைகள்

போன மாதம் மிஷன் பள்ளிக்கூடத்தில் புதிதாகச் சேர்ந்த இரண்டு டீச்சர்மார் என்னைப் பார்க்க வந்தார்கள். இரண்டு பேரும் சின்னஞ்சிறுசுகள். கதிரையில் உட்காரச் சொன்னால் நுனியில் உட்காருகிறார்கள். நான் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தேன். இலைநோயில் கோப்பிச் செடியெல்லாம் செத்துப்போன பிறகு கண்டியில் எந்த வீட்டுக்குப் போனாலும் தேத்தண்ணிதானே.

"அம்மா, வேதக் கதை சொல்லி இங்கிலீஷ் சொல் படிப்பிக்கப் போறோம். அதுல நீங்கதான் கெட்டிக்காரின்னு பெரியவங்க எல்லாரும் சொல்றாங்க. எப்படிச் செய்றதுன்னு சொல்லித் தாங்கம்மா" என்றாள் ஒருத்தி.

பாராட்டினால் எல்லாருக்கும் உடம்பு பூரிக்கும். எனக்கு இந்த ஒரு விஷயத்தில் மட்டும் உடம்பு கூசுகிறது. தலையிடி என்று பொய் சொல்லி அந்தப் பிள்ளைகளை அனுப்பிவிட்டேன். அவர்கள் படியிறங்கிப் போகும்போது, "வயசாயிடுச்சு, பாவம்" என்று பேசிக்கொண்டு போனது காதில் விழுந்தது. வயசு ஆகித்தான் இருக்கிறது. ஆனாலும் காரணம் அது இல்லை. அதனால்தான் எழுதுகிறேன். அந்தப் பிள்ளைகள் கேட்டதற்கு இதுதான் பதில். படித்துவிட்டு அவர்கள் இஷ்டம் போல் செய்யட்டும்.

என் அப்பா திருநெல்வேலிப் பக்கத்து உபதேசியார். கோப்பித் தோட்டத்துக்கு ஆட்கள் நடந்து வந்த கூட்டத்தோடு தானும் நடந்து வந்தவர். நான் பிறந்தது கண்டியில். மிஷன் போர்டிங்கில் படித்தேன், தையல் படித்தேன், இங்கிலீஷ் படித்தேன், அங்கேயே டீச்சராக நின்றுவிட்டேன். கல்யாணம் கூடிவரவில்லை, அதைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை.

எங்கள் பள்ளிக்கூடத்துக்குப் பெரியவர் மிஸ்ஸியம்மா. நெட்டையான, ஒல்லியான வெள்ளைக்கார அம்மா. ஒரு நாளும் சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. யாராவது பிழையாகச் சொன்னால் கண்ணை மூடிக்கொள்வார். சரியாகச் சொல்லும்வரை திறக்க மாட்டார். அந்த மூடிய கண்ணுக்குப் பயந்த மாதிரி நான் எந்தப் பிரம்புக்கும் பயந்ததில்லை. தமிழும் பேசுவார். ஒரு கிழட்டு முன்ஷியிடம் படித்த தமிழ். "ஞானம், நீ விரைந்து வரக்கடவாய்" என்று கூப்பிடுவார். முதல் வருஷம் முழுக்க நான் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டுதான் அவருக்குப் பதில் சொன்னேன். ஆனால் ஆள் நல்லவர். எனக்குக் காய்ச்சல் வந்தபோது பக்கத்தில் உட்கார்ந்து கஞ்சி ஊட்டியவர். இதையும் சொல்லித்தான் ஆகவேண்டும்.

அது கோப்பி கொழித்த காலம். கோப்பித் துரைமாருடைய பெண்சாதிகள் மழைக்காலத்தில் தோட்டத்தில் இருக்க மாட்டார்கள். வாவிக்கு மேலே மேட்டில் இருந்த பங்களாக்களுக்கு வந்துவிடுவார்கள். அந்தத் துரைசானிமாருக்கு ஒரு குறை. குழந்தை பார்க்கிற ஆயாமாருக்கு இங்கிலீஷ் தெரியவில்லை, குழந்தைகளோ தமிழில் நன்றாக வையக் கற்றுக்கொண்டு விட்டார்கள். ஒரு துரை வீட்டுப் பையன் கோயில் வாசலில் பாதிரியாரைப் பார்த்து ஒரு வார்த்தை சொன்னானாம். அது என்ன வார்த்தை என்று பாதிரியார் மிஸ்ஸியம்மாவிடம் கேட்க, மிஸ்ஸியம்மா என்னிடம் கேட்க, நான் எனக்குத் தெரியாது என்று சொல்லித் தப்பித்துக்கொண்டேன். அதற்குப் பிறகுதான் ஆயாமார் வகுப்பு தொடங்கியது. வியாழக்கிழமை பின்னேரம், குழந்தைகள் தூங்குகிற நேரம். துரைசானிமார் ஆயாக்களை அனுப்பினால்தான் வகுப்பு. அவர்கள் முகம் சுளித்தால் அன்றோடு வகுப்பு முடிந்தது.

புத்தகம் கிடையாது. அந்தப் பெண்களில் ஒருத்திக்கும் எழுத்துத் தெரியாது. மிஸ்ஸியம்மாவே கதை எழுதுவார், அரைப் பக்கம்தான் வரும். எல்லாக் கதையும் ஒரே அச்சு. ஒரு பெரிய வீடு, அதற்கு ஓர் எஜமான். அவர்தான் கடவுள் என்று நாங்கள் எடுத்துக்கொள்ள வேண்டும். வீடு நிறைய வேலைக்காரர். ஒருத்தி விளக்கை உடைப்பாள், இல்லை எண்ணெயைக் கொட்டுவாள், இல்லை ஆட்டுக்குட்டியைத் தொலைப்பாள். பயந்து ஒளிவாள். பிறகு வந்து முழங்காலிட்டு உண்மையைச் சொல்லி அழுவாள். எஜமான் அவளைத் தூக்கி நிறுத்தி, மன்னித்து, புதுச் சேலை கொடுத்து, உனக்கு என்ன வேண்டும் என்று கேட்பார். கதை முடிந்தது.

படிப்பிக்கிற முறை இப்படி. ஒரு கூடையில் சாமான்கள் இருக்கும்: விளக்கு, எண்ணெய்க் கிண்ணம், சேலைத் துண்டு, ஆட்டுக்கு ஒரு பஞ்சுப் பொம்மை. மிஸ்ஸியம்மா கதையை மெதுவாக இங்கிலீஷில் சொல்லுவார். தமிழ் ஒரு சொல்லும் வரக்கூடாது. நான் கூடையிலிருந்து சாமானை எடுத்து ஒவ்வொருத்தி கையிலும் வைப்பேன். விளக்கு வைத்திருப்பவள் அன்றைக்கு 'லாம்ப்'. கதையில் அந்தச் சொல் வரும்போதெல்லாம் அவள் எழும்ப வேண்டும், எழும்பிச் சொல்ல வேண்டும். கையில் வைக்க முடியாத சொற்களுக்கு உடம்பு. 'ஹைட்' என்றால் தூணுக்குப் பின்னால் போய் ஒளிவது. 'சாரி' என்றால் நெஞ்சில் கை. 'ஃபர்கிவ்' என்றால் எஜமான் அவள் தலையில் கை வைப்பது. பிறகு நடித்துக் காட்டுவது. அடுத்த வியாழன் அதே கதையைக் கடைசியிலிருந்து முதலுக்குச் சொல்ல வேண்டும்: புதுச் சேலையில் தொடங்கி, மன்னிப்புக்கு வந்து, அழுகைக்கு வந்து, உடைந்த விளக்கில் முடிய வேண்டும். கிளிப்பிள்ளை மாதிரி ஒப்பிக்கிறவள் அங்கே மாட்டிக்கொள்வாள். சொல்லைத் தெரிந்தவள்தான் தப்புவாள். நல்ல முறைதான் அது. இன்றைக்கும் அதை நல்ல முறை இல்லை என்று என்னால் சொல்ல முடியாது.

எஜமான் வேஷம் எனக்கு. தோளில் ஒரு சால்வையைப் போட்டுக்கொண்டு கதிரையில் உட்காருவேன். என் முன்னால் ஓர் ஆயா முழங்காலிடுவாள். நான் எழுந்து, அவள் தலையில் கை வைத்து, குரலைத் தாழ்த்தி, "ஐ ஃபர்கிவ் யூ" என்பேன். சில பெண்கள் நிஜமாகவே அழுதுவிடுவார்கள். மிஸ்ஸியம்மாவுக்கும் கண் கலங்கும். எனக்கு அதில் கொள்ளைப் பெருமை. என்னை மாதிரி மன்னிக்க இந்த ஊரிலேயே ஆள் இல்லை என்று நினைத்துக்கொண்டேன், போங்கள்!

சொற்கள் மளமளவென்று ஏறின. எக்கச்சக்கமாகவும் ஏறின. செல்லம் என்று ஓர் ஆயா இருந்தாள், குண்டு, நல்ல குரல். அவள் பார்க்கிற குழந்தை பால் குடிக்க மறுத்து வாவிக்கரையில் ஓட, இவள் கோப்பையைத் தூக்கிக்கொண்டு "ரிப்பென்ட்! ரிப்பென்ட்!" என்று கத்திக்கொண்டே பின்னால் ஓடினாளாம். பால் குடி என்பதற்கு அவளிடம் சொல் இல்லை. மனந்திரும்பு என்பதற்கு இருந்தது. உலாத்த வந்த துரைமாரெல்லாம் சிரித்துச் சிரித்துத் தொப்பியைக் கழற்றிவிட்டார்கள். ஊர் முழுக்க அந்தப் பேச்சு. மிஸ்ஸியம்மா அதைக் குறையாக எடுக்கவில்லை, சந்தோஷப்பட்டார். நானும் சேர்ந்து சிரித்தேன். அன்றைக்கே கொஞ்சம் யோசித்திருக்கலாம்.

இனிப் பேச்சியைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

பேச்சி ஒரு கோப்பித் துரை பங்களாவில் ஆயா. முப்பது வயது இருக்கும். கறுத்த, மெலிந்த, நிமிர்ந்து நடக்கிற பெண். கலஹாப் பக்கத் தோட்டத்தில், கூலியாட்கள் குடியிருக்கிற லயத்தில் அவளுக்கு ஒரு மகள். புருஷனின் தங்கச்சி, அதாவது இவளுடைய நாத்தி, அங்கே அந்தப் பிள்ளையை வைத்துக்கொண்டிருந்தாள். கோப்பிக் காலத்து வழக்கம் இப்போதுள்ள பிள்ளைகளுக்குத் தெரியாது. தேயிலைக்கு வருஷம் முழுக்க ஆள் வேண்டும். கோப்பிக்கு அப்படி இல்லை. பழம் பறித்து முடிந்தால் கங்காணி தன் கூட்டத்தைக் கூட்டிக்கொண்டு ஊருக்குத் திரும்பிவிடுவார். மாத்தளை, தம்புள்ளை, அங்கிருந்து காடு, காடு, காடு, பிறகு மன்னார்க் கடல். அந்த ரோட்டில்தான் பேச்சியின் புருஷனும் கைக்குழந்தைப் பையனும் பேதியில் போனார்கள். வழியிலேயே குழி தோண்டிப் போட்டுவிட்டு இவள் மகளைத் தூக்கிக்கொண்டு நடந்து வந்தவள்.

அந்த வருஷம் நாத்தி சொல்லிவிட்டாள், பழம் முடிந்ததும் நாங்கள் போகிறோம், பிள்ளையையும் கொண்டுபோகிறோம் என்று. "இங்கன வச்சுக்க எடம் இருந்தா வச்சுக்க, இல்லாட்டி எங்களோட வரட்டும். லயத்துல தனியா விட்டுட்டுப் போக முடியாது." நியாயமான பேச்சுத்தான். பேச்சிக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. பங்களாவில் குசினிக்குப் பின்னால் அவள் படுக்கிற அறையில் அந்தப் பிள்ளையும் படுக்கத் துரைசானியின் உத்தரவு. மகள் அந்த ரோட்டில் மறுபடி நடக்கக்கூடாது. அவ்வளவுதான்.

பங்களாவின் அப்பு, சிங்கள ஆள், எல்லா வேலைக்காரருக்கும் பெரியவன். துரைசானியிடம் எதைச் சொல்வதென்றாலும் அவன் வாய் வழியாகத்தான் போக வேண்டும். பேச்சி அவனிடம் கேட்டாள். அவன் மறுநாள் "பே, பே" என்று தலையை ஆட்டிவிட்டான். முடியாதாம். கேட்டானா இல்லையா என்பதே சந்தேகம். அதனால்தான் அவள் இங்கிலீஷ் படிக்க வந்தாள்.

முதல் நாளே என்னிடம் சொன்னாள். "டீச்சரம்மா, எனக்கு வெளக்கும் வேணாம், எண்ணெயும் வேணாம். எம் மக எங்கூட இருக்கட்டுமான்னு எப்பிடிக் கேக்குறது? அத மட்டும் சொல்லிக் குடுங்க, நான் போயிர்றேன்."

மிஸ்ஸியம்மாவின் சட்டம், கதைக்கு வெளியே ஒரு சொல்லும் கொடுக்கக்கூடாது. கொடுத்தால் ஒவ்வொருத்தியும் தனக்கு வேண்டியதை மட்டும் வாங்கிக்கொண்டு போய்விடுவாள், வகுப்பு நிற்காது என்பார். நான் பேச்சியிடம், "பொறு, எல்லாச் சொல்லும் கதையில வரும்" என்றேன். அவள் பொறுத்தாள். விளக்கு வைத்த கதையில் 'மை' கிடைத்தது. தொலைந்த பிள்ளையின் கதையில் 'டாட்டர்' கிடைத்தது, அன்றைக்கு அவள் முகத்தைப் பார்க்க வேண்டுமே! மழையில் ஒதுங்கியவன் கதையில் 'ஸ்டே' கிடைத்தது. மற்றவர்கள் கதையைக் கேட்டார்கள். இவள் அரிசியில் கல் பொறுக்குகிற மாதிரி தனக்கு வேண்டிய சொல்லைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள். கடைசியில் ஒரு வியாழன், வகுப்பு கலைந்த பிறகு, என் முன்னால் நின்று சொன்னாள்: "ப்ளீஸ் மேடம், மே மை டாட்டர் ஸ்டே வித் மீ?" ஒரு பிழை இல்லை. நான் அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன்.

"இனி என்ன, போய்க் கேளடி" என்றேன்.

"எங்க கேக்குறது? அந்தம்மா என்னய நிமிந்து பாத்தாத்தான?" என்றாள்.

கலஹாவில் பழம் முடிகிற நேரம் அது. வண்டில்கள் வரிசையாகக் கோப்பி மூட்டையோடு பேராதனைப் பக்கமிருந்து வந்துகொண்டிருந்தன.

அந்தக் கிழமைதான் பங்களாவில் குழந்தையின் வெள்ளிக் குவளை காணாமல் போனது. ஞானஸ்நானத்துக்குச் சீமையிலிருந்து வந்த குவளை. துரைசானி வேலைக்காரர் எல்லாரையும் விறாந்தையில் வரிசையாக நிறுத்தினாள். "எடுத்தவர் இப்போதே உண்மையைச் சொல்லிவிட்டால் நான் கோபிக்க மாட்டேன்" என்றாளாம். அப்பு அதைச் சிங்களத்திலும் தமிழிலும் சொன்னான். தோட்டக்காரன் தலையைக் குனிந்துகொண்டான், சமையற்காரன் தெய்வத்தின் மேல் ஆணையிட்டான். பேச்சி வரிசையை விட்டு முன்னால் வந்தாள். முழங்காலிட்டாள். நெஞ்சில் கை வைத்தாள். அப்புவின் வாய் இல்லாமல், தன் சொந்த வாயால், இங்கிலீஷில், குவளையை நான்தான் எடுத்தேன், ஒளித்தேன், வருந்துகிறேன், என்னை மன்னியுங்கள் என்று சொன்னாள்.

துரைசானி அசந்துபோய்விட்டாளாம். பிறகு, "குவளை எங்கே?" என்று கேட்டாள்.

எங்கள் கதைகளில் எந்த எஜமானும் அப்படிக் கேட்டதில்லை. அந்தக் கேள்விக்கு நாங்கள் பேச்சிக்குச் சொல் எதுவும் கொடுத்திருக்கவில்லை. முழங்காலிலேயே நின்றாள். அப்பு போய்ப் பொலிசைக் கூட்டி வந்தான்.

நான் பொலிஸ் மறியல் அறைக்குப் போய் அவளைப் பார்த்தேன். மிஸ்ஸியம்மாவின் பெயரைச் சொன்னதால் உள்ளே விட்டார்கள். ஈரச் சுவர், மூத்திர வாடை. பேச்சி எழுந்து நின்று கும்பிட்டாள்.

"எடுத்தியா?"

"நான் ஏன் டீச்சரம்மா எடுக்கப் போறேன்?"

"பின்ன என்ன எழவுக்கடி எடுத்தேன்னு சொன்னே?" என்று கத்திவிட்டேன். காவல்காரன் திரும்பிப் பார்த்தான்.

அவள் ஒரு பாவமும் அறியாத முகத்தோடு சொன்னாள். "உங்க கதையில, தப்புப் பண்ணாம ஒழுங்கா வேல செய்றவள அந்த எசமான் ஒரு நாளாச்சும் கிட்டக் கூப்பிட்டிருக்காரா? என்ன வேணும்னு கேட்டிருக்காரா? வெளக்க ஒடச்சவளத்தான் தூக்கி நிறுத்துறாரு. ஆட்டுக்குட்டியத் தொலச்சவளுக்குத்தான் சேல குடுக்குறாரு. நானும் வந்த நாளையில இருந்து ஒரு தப்புப் பண்ணல. அந்தம்மாவுக்கு எம் பேரே தெரியாது. அன்னைக்கு அவங்களா கேட்டாங்க, சொன்னா கோவிக்க மாட்டேன்னு. சரி, இதுதான் அந்த எடம்னு நெனச்சேன். மன்னிச்சு, தலையில கை வச்சு, என்ன வேணும்னு கேட்டதும் புள்ளயப் பத்திக் கேட்டுரலாம்னுதான். கேக்கவே இல்ல டீச்சரம்மா. அதுக்குள்ள குவள எங்கன்னுட்டாங்க."

நின்ற இடத்திலேயே ஒவ்வொரு கதையாக மனசுக்குள் ஓட்டிப் பார்த்தேன். விளக்கு, எண்ணெய், ஆடு, கிழிந்த சட்டை, தொலைந்த சாவி. அவள் சொன்னது சரி. ஒழுங்கான வேலைக்காரிக்கு எங்கள் கதைகளில் ஒரு வாக்கியம்கூட இல்லை. நாங்கள் சொற்களை எண்ணிக்கொண்டிருந்தோம். அவள் கதையைக் கேட்டிருக்கிறாள். அந்த மறியலில் எனக்கு வந்த வெட்கம் இருக்கிறதே, உடுத்த சேலை அவிழ்ந்து நடுரோட்டில் நிற்கிற வெட்கம் அது.

ஓடிப்போய் மிஸ்ஸியம்மாவிடம் சொன்னேன். அவர் கண்ணை மூடிக்கொண்டார். வெகுநேரம் திறக்கவில்லை.

"அப்படியாயின் அவள் பொய் உரைத்தாளோ?" என்றார்.

"மிஸ்ஸியம்மா, அவள் திருடவில்லை."

"திருடவில்லை. ஆயினும் பொய் உரைத்தாள். ஞானம், கதையின் கருத்து அவளுக்கு விளங்கவில்லை."

"நல்லா விளங்கிப் போச்சு, மிஸ்ஸியம்மா. அதுதான் கரைச்சல்" என்றேன். அவரிடம் நான் எதிர்த்துப் பேசியது அது ஒன்றுதான். அவர் குடையை எடுத்துக்கொண்டு அப்போதே பங்களாவுக்கு ஏறிப்போனார்; பேச்சிக்காகப் பேசத்தான் போனார். ஆனால் துரைசானி, "ஒன்று அவள் கள்ளி, இல்லாவிட்டால் பொய்க்காரி. உங்கள் வகுப்பில் எதைப் படிப்பிக்கிறீர்கள்?" என்று கேட்டாளாம். மிஸ்ஸியம்மா அன்று திரும்பி வந்து ஒன்றும் சாப்பிடவில்லை.

நல்லகாலம், குவளை அகப்பட்டது. துரைசானியேதான் பெயர் பொறிக்கக் கொடுப்பதற்காகக் கம்பளித் துணியில் சுற்றி, குழந்தையின் பழைய உடுப்புப் பெட்டியில் வைத்து, மறந்திருக்கிறாள். பேச்சியை விட்டுவிட்டார்கள். துரைசானிக்கு முகம் கறுத்துப் போயிருக்கும் என்று நினைப்பீர்கள். இல்லை. மறந்தது அவள் என்றாலும் பொய் சொன்னது ஆயாதானே. அதனால் அந்தப் பொய்யை மன்னிப்பது என்று தீர்மானமாயிற்று. அந்த யோசனை யாருடையது என்று எனக்குத் தெரியும். மிஸ்ஸியம்மாவினுடையது. ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம், மற்றத் துரைசானிமாரையும் அழைத்து, விறாந்தையில் வைத்து, எல்லாரும் காண. வகுப்பின் பேரும் நிமிரும், பேச்சியின் பேரும் நிமிரும் என்று அவர் மனசார நம்பினார். கெட்ட எண்ணம் துளியும் இல்லை.

மேடு ஏறும்போது என்னிடம் மெல்லச் சொன்னார், பங்களாவுக்குக் கொழும்பிலிருந்து வேறு ஆயா பேசியாகிவிட்டது, திங்கட்கிழமை வருகிறாள் என்று. "அதை அவளிடத்தில் இப்பொழுது அறிவியாதே. சமாதானம் கெடும்."

நான் சரி என்று தலையாட்டினேன்.

பேச்சிக்குப் பிறகு என்ன ஆயிற்று என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். கடைசியில் சொல்ல எனக்குத் தெம்பு இருக்காது. அந்த வெள்ளிக்கிழமையே பொழுது சாய்வதற்குள் அவள் மூட்டையைக் கட்டிக்கொண்டு கலஹாவுக்கு நடந்தாள். மறுநாள் கங்காணியின் கூட்டம் புறப்பட்டது. அதில் அவளும் மகளும் கையைப் பிடித்துக்கொண்டு மாத்தளை ரோட்டில் போனதைச் செல்லம் கண்டிருக்கிறாள். அதே ரோடு. கடல் கடந்தார்களா, காட்டில் பேதி கண்டதா, ஊர் போய்ச் சேர்ந்தார்களா, ஒன்றும் தெரியாது. வருகிற கூட்டத்தில் எல்லாம் விசாரித்துப் பார்த்தேன். பேச்சி என்று ஆயிரம் பேர் இருக்கிறார்கள்.

அந்த வெள்ளிக்கிழமை விறாந்தையில் பிரம்புக் கதிரைகள் போட்டிருந்தார்கள். துரைசானிமார் ஏழெட்டுப் பேர், கையில் விசிறி. நானும் ஆயாமாரும் படிக்குக் கீழே நின்றோம். பேச்சி வெளுத்த சேலை கட்டி, தலை சீவி, முன்னால் போய் முழங்காலிட்டாள். மறியலில் இருந்து இன்னும் மெலிந்திருந்தாள். துரைசானி எழுந்து வந்து, கையுறை போட்ட கையை அவள் தலையில் வைத்து, "ஐ ஃபர்கிவ் யூ" என்றாள். ஒருவருக்கொருவர் பார்த்துத் தலையாட்டிக்கொண்டார்கள். மிஸ்ஸியம்மா கண்ணைத் துடைத்தார். நான் வகுப்பில் செய்வதை விட அந்தத் துரைசானி திறமாகவே செய்தாள்.

அடுத்து, என்ன வேண்டும் என்று கேட்க வேண்டும். துரைசானி கேட்கவில்லை, திரும்பிக் கதிரைக்குப் போகக் கால் எடுத்தாள். பேச்சி விடவில்லை. முழங்காலில் நின்றபடியே, தலையை நிமிர்த்தி, விறாந்தை முழுக்கக் கேட்கும்படி சொன்னாள்:

"ப்ளீஸ் மேடம், மே மை டாட்டர் ஸ்டே வித் மீ?"

துரைசானி நின்றாள். "அடடா, என்ன அழகாகப் பேசுகிறாள்!" என்று மற்றவர்களைப் பார்த்துச் சொன்னாள். எல்லாரும் கை தட்டினார்கள். ஒருத்தி மிஸ்ஸியம்மாவின் கையைப் பிடித்துக் குலுக்கினாள். காது மந்தமான ஒரு கிழட்டுத் துரைசானி, "என்ன சொன்னாள், என்ன சொன்னாள்?" என்று பக்கத்தில் கேட்டாள்.

"இவர்களுக்குக் கேட்கவில்லை. இன்னொரு தரம் சொல்லு, ஆயா" என்றாள் துரைசானி.

பேச்சி இன்னொரு தரம் சொன்னாள். மறுபடியும் கை தட்டினார்கள். பேச்சி ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். ஆம் என்று யாரும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை.

"இன்னும் கொஞ்சம் உரத்து" என்றாள் துரைசானி, சிரித்த முகத்தோடு.

பேச்சி வாயைத் திறந்தாள். முதற் சொல்லே வரவில்லை. மிஸ்ஸியம்மா கண்ணை மூடிக்கொண்டார். பேச்சி மெல்லத் திரும்பி, படிக்குக் கீழே நின்ற என்னைப் பார்த்தாள். கேட்டுப் பயன் இல்லையடி, ஆள் வைத்தாயிற்று, எழும்பு, நாம் போவோம் என்று அவளுக்குத் தமிழில் சொல்ல, மிஸ்ஸியம்மாவை விட்டால், அந்த இடத்தில் என்னைத் தவிர வேறு ஆள் இல்லை. எழும்பச் சொல்லத்தான் நான் ஓர் அடி முன்னால் வைத்தேன். ஆனால் எத்தனையோ வியாழக்கிழமைகள் தடுமாறுகிறவளுக்குச் சொல் எடுத்துக் கொடுத்தே பழகிய வாய் இது. அது தன் பாட்டுக்குத் திறந்தது.

"ப்ளீஸ்" என்று எடுத்துக் கொடுத்தேன்.